ஊர் சுற்றப் போன பேட்டரி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த காரியத்துக்கு அதுதான் காரணம். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆதார் அட்டைக்குப் பின்பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பின்பக்கம் ஏன் எடுக்கவில்லை என்று சண்டைக்கு நிற்பான். பதினான்கு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பெயர் பிரபாவதி.

போன ஆகஸ்டில், மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு நாள், என் கடை வாசலில் ஒரு பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆள் உயரம், பன்னிரண்டு சின்னக் கதவுகள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியை மாற்றித் தருகிற பெட்டி அது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியைக் காலியாக இருக்கும் கதவுக்குள் வைத்தால், சார்ஜ் ஏறின வேறொரு பேட்டரி இருக்கும் கதவு தானாகத் திறக்கும். அதை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இரண்டு நிமிட வேலை. பம்பாயில் பல இடங்களில் இதே மாதிரி பெட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு இங்கே வைத்த பேட்டரி நாளைக்கு எங்கேயோ யாருடைய வண்டியிலோ ஓடும்.

வாசலில் இடம் கொடுத்ததற்கு எனக்கு வாடகை உண்டு. அதோடு ‘பிரமோட்டர்’ என்று ஒரு பட்டமும், இரண்டு பச்சை டீ-ஷர்ட்டும் கொடுத்தார்கள். எங்கள் பகுதி ஆட்களை மின்சார வண்டிக்கு மாற்றுவது என் பொறுப்பு. டீ-ஷர்ட்டின் முதுகில் ‘மாற்றம் உங்களிடமிருந்து’ என்று இந்தியில் எழுதியிருந்தது. சேலைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து என் மகள் ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

கம்பெனி ஆள் ஆதித்யன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற ஆபீஸ் குடும்பத்துப் பிள்ளை, நல்ல பையன். தமிழ் பேசுவான், படிக்க வராது. முதல் கூட்டத்தை அவனே நடத்தினான். திரை கட்டி, புகை, வெயில், உருகும் பனிமலை எல்லாம் படம் போட்டுக் காட்டினான். எங்கள் சந்தின் இட்லிக்காரர்கள் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தார்கள். விடியுமுன் அவித்த இட்லியை சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, சயான், வடாலா என்று தெருத் தெருவாக விற்கிறவர்கள் அவர்கள். எல்லோருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். படம் முடிந்ததும் சமோசா தின்றார்கள், பனிமலை உருகுவது பாவம்தான் என்றார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் பனிமலையை விட்டுவிட்டு முட்டியைப் பிடித்தேன். சீனியம்மாள் சித்தியின் முட்டியை.

சித்தி எனக்கு ரத்த உறவு இல்லை. பக்கத்துச் சந்து, அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயது. புருஷன் போன பிறகு அவர் செய்த இட்லி வியாபாரத்தை இவள் எடுத்துக்கொண்டாள். சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் அலுமினியத் தூக்குகளைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மாட்டுங்கா வரை நடப்பாள். ஒன்பது வருட நடையில் இரண்டு முட்டியும் வீங்கிப்போய், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டும். இந்த வண்டி மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாது, அதனால் லைசென்ஸ் வேண்டாம், கியர் கிடையாது, மிதிக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. விழுந்தால் யார் பார்ப்பது என்று.

எட்டு நாள் மைதானத்தில் பழகினாள். நான் பின்னால் ஓடினேன். ஒன்பதாம் நாள் நைன்ட்டி ஃபீட் ரோட்டில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகத்தை யாரையோ திட்டப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு தனியாக ஓட்டினாள். அதைப் பார்த்த பிறகு ஆண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் மிதிக்க வெட்கமாகப் போய்விட்டது. முதலில் பிச்சை அண்ணாச்சி வந்தார். அவர்தான் சந்தில் மூத்த இட்லிக்காரர், எதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பவர். பிறகு ஒவ்வொருவராக வந்து, மொத்தம் பதினொரு பேர் கம்பெனி வண்டியை வாடகைக்கு எடுத்தார்கள். ஆதித்யன் என்னைத் தன் அதிகாரிக்குப் போனில் அறிமுகம் செய்துவைத்தான். நான் தரையில் கால் பாவாமல் நடந்த நாட்கள் அவை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பூசை போட வேண்டும் என்று நானே சொன்னேன்.

புது வண்டியைப் பூசை போடாமல் ஓட்டுகிறவன் எங்கள் சந்தில் இன்னும் பிறக்கவில்லை. நான் சொல்லாவிட்டாலும் போட்டிருப்பார்கள். ஆனால் பதினொரு வண்டியும் ஒன்றாகப் போனால் பார்க்கிறவர்களுக்கு விளம்பரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டது நான். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு ஊர்வலமாகப் போனோம். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பதினொரு வண்டி வரிசையாகப் போனால் பின்னால் வருகிற பஸ்காரன் என்ன பேசுவான் என்பதை இங்கே எழுத முடியாது. குருக்கள் ஹேண்டிலுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார், மாலை போட்டார், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லாம் முறையாக முடிந்த பிறகு சித்தி தன் வண்டியின் சீட்டைத் தூக்கினாள். உள்ளே இருந்த பேட்டரியைக் காட்டி, சாமி இதுக்கும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே திருநீறு பூசி, பிடியில் ஒரு மஞ்சள் கயிறும் கட்டிவிட்டார். அவ்வளவுதான், மற்ற பத்துச் சீட்டும் படபடவென்று தூக்கப்பட்டன. நான் அதை போட்டோ வேறு எடுத்து ஆதித்யனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் வியாபாரம் முடிந்து பதினொரு மணிக்கு எல்லோரும் பெட்டிக்கு வந்தார்கள். பிச்சை அண்ணாச்சி தன் பேட்டரியை உள்ளே வைத்தார். வேறு கதவு திறந்தது. உள்ளே சார்ஜ் ஏறின பேட்டரி பச்சை விளக்கோடு தயாராக இருந்தது. அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தொடாமல் கதவைச் சாத்தினார். பிறகு என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன். தன் பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்றார்.

எடுக்காமல் கதவைச் சாத்தினால் அந்த மாற்றம் ரத்தாகிவிடும் என்பதையும், இரண்டு மணி நேரத்துக்குள் போனில் ‘திரும்ப எடு’ என்று அமுக்கினால் தான் வைத்த கதவே மறுபடி திறக்கும் என்பதையும் அவர் ஒரே காலையில் கண்டுபிடித்திருந்தார். கம்பெனிக்காரன் ஏதோ அவசரத்துக்கென்று வைத்த வசதி அது. அன்றிலிருந்து பதினொரு பேரும் அதையே செய்தார்கள். பெட்டியில் எட்டுப் பேட்டரி எப்போதும் பச்சை விளக்கோடு தயாராக இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். மீதி நான்கு காலிக் கதவுகளில் இவர்கள் முறை வைத்துத் தங்கள் பேட்டரியை வைத்துவிட்டு, இரண்டிரண்டு மணி நேரம் என் பெஞ்சில் காத்திருப்பார்கள். வெளியிலிருந்து யாராவது மாற்ற வந்தால் வைக்கக் காலிக் கதவு இருக்காது. வந்தவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள். என் கடை முடிவெட்டும் கடை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஆதித்யன் போன் செய்தான். என் பெட்டியில் பதினொரு பேர் பதிவாகியிருக்கிறார்கள், மாற்றம் மட்டும் பூஜ்யம் என்று காட்டுகிறது, மெஷினில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். மெஷின் நன்றாக இருக்கிறது, மனிதர்களுக்குத்தான் கோளாறு என்றேன். அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். தீபாவளிக்குள் ஒரு நாளாவது இருபது மாற்றம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

பெட்டி போனால் வண்டியும் போகும். அந்தப் பேட்டரியை வீட்டு பிளக்கில் சார்ஜ் பண்ண முடியாது, பக்கத்தில் வேறு பெட்டியும் கிடையாது. ஆண்பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, பழைய சைக்கிள் இன்னும் சந்தில் சாத்திவைத்திருந்தார்கள். சித்திதான் மறுபடி கூடையைத் தூக்க வேண்டும். வண்டி வந்த இரண்டு வாரத்தில் அவள் முட்டி வீக்கம் வடிந்திருந்தது. மாட்டுங்காவுக்கு அப்பால் தாதர் வரை புது வாடிக்கை பிடித்திருந்தாள், சாயங்காலம் மசால் வடையும் போட ஆரம்பித்திருந்தாள். இதையெல்லாம் கெடுத்துக்கொள்ளப் போகிறாயே என்று அவளிடம்தான் அதிகம் கெஞ்சினேன். அவள்தான் எல்லோரிலும் பிடிவாதம்.

“வண்டியோட உசுரே அதுலதாம்ட்டி இருக்கு,” என்றாள். “சாமிக்கு முன்னால வச்சுத் திருநீறு பூசுன உசுரு. நான் இதுவரைக்கும் கீழ விழல, பாத்தியா? அத எவங்கிட்டயோ குடுத்துட்டு, எவனுக்கோ உள்ளத நான் வாங்கி மாட்டிக்கிடணுமாக்கும்?”

எல்லா பேட்டரியும் ஒன்றுதான் என்றேன். எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான், அதற்காக ஸ்கூல் விட்டதும் கையில் கிடைத்ததைக் கூட்டிக்கொண்டு வருவாயா என்று கேட்டாள். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்கு விடைத்தது.

தசரா முடிந்த மறுநாள் அது நடந்தது. சித்திக்குப் போனில் தமிழும் படிக்க வராது, இங்கிலீஷும் வராது. அவள் போனை என்னிடம் கொடுத்துவைப்பாள், இரண்டு மணி நேரம் ஆவதற்குள் நான் ‘திரும்ப எடு’ அமுக்க வேண்டும். தாண்டிவிட்டால் அந்தப் பேட்டரி பொதுவில் சேர்ந்துவிடும், யார் வந்தாலும் பெட்டி அதைக் கொடுத்துவிடும். அன்றைக்கு அவள் பேட்டரியை வைத்த கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். மூன்று நாளாகச் சரியாகத் தண்ணீர் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினவள் அங்கே வரிசையில் நிற்கிற ஒருத்தியோடு சண்டையில் மாட்டிக்கொண்டாள்.

நான் கடையில் உட்கார்ந்து அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் என்று காட்டியது. பிறகு இரண்டு நிமிடம். மறந்துவிட்டேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. அமுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, நேரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை போனால் பழகிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்து ஒரு ஆள் ஸ்கூட்டரில் வந்தான். வண்டிக்குப் பின்னால் ஒரு பெரிய தகரப் பெட்டி, அதிலிருந்து வந்த வாடையில் தெருநாய் இரண்டு கூடவே வந்தன. தன் பேட்டரியை ஒரு கதவில் வைத்தான். பெட்டி சித்தியின் பேட்டரி இருந்த கதவைத் திறந்து கொடுத்தது. அவன் மஞ்சள் கயிற்றை ஒரு நிமிடம் பார்த்தான், எடுத்து வண்டியில் மாட்டினான், போய்விட்டான்.

சித்தி திரும்பி வந்து அழுவாள், கத்துவாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். மறந்துவிட்டேன் சித்தி என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டாள். வண்டியைக் கடையோரத்தில் நிறுத்திப் பூட்டினாள். வேறு பேட்டரி எடுத்துத் தருகிறேன் என்றபோது குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தலையில் கூடையோடு என் கடை முன்னால் நடந்து போனாள். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள், என் கடை முன்னால் கூடையை இறக்கிவைத்து முட்டியைத் தடவிக்கொண்டாள், யாரிடமும் கேட்காமல் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த மூன்று நாளும் நான் கொடுத்த வண்டி, நான் பறித்த வண்டி என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆதித்யனுக்குப் போன் போட்டு, அந்த ஆளின் விலாசம் வேண்டும் என்றேன். அவன் விதி, பிரைவசி என்று ஆரம்பித்தான். அப்படியானால் அந்தப் பெரியம்மா நடக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புகிறேன், உன் விதியோடு சேர்த்து உன் மேலதிகாரிக்குக் காட்டு என்றேன். பத்து நிமிடத்தில் அந்த ஆளையே கேட்டுச் சம்மதம் வாங்கி விலாசம் அனுப்பினான். ஷாகுல் ஹமீது, சீத்தா கேம்ப், கருவாடு வியாபாரம்.

கருவாடு என்று கேட்டதும் சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கருவாடு சாப்பிடாதவள் இல்லை. கருவாட்டுக் குழம்பு என்றால் சோற்றுப் பானை காலியாகும். ஆனால் முருகனுக்கு முன்னால் வைத்ததன் மேல் கருவாட்டுப் பெட்டியா என்று வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தாள். பிச்சை அண்ணாச்சியிடம் நான் இரவல் வாங்கின வண்டியில் பின்னால் உட்கார்ந்து செம்பூர், மான்குர்த் தாண்டிச் சீத்தா கேம்ப் போய்ச் சேருவதற்குள் என் காது புண்ணாகிவிட்டது.

ஷாகுல் ஹமீதுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டு வாசலில் நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, உள்ளே உட்காரச் சொன்னார். அவர் வீட்டுக்காரி தேநீர் கொண்டுவந்தாள். அவருக்கும் பூர்வீகம் எங்கள் பக்கம்தான், காயல்பட்டினம். சித்தி தேநீரைத் தொடாமல், மஞ்சள் கயிறு கட்டின பேட்டரி எங்கே என்று நேரே கேட்டாள். மறுநாளே மான்குர்த் பெட்டியில் மாற்றிவிட்டதாக அவர் சொன்னார். சித்தியின் முகம் விழுந்துவிட்டது.

“அதுக்கு மேலதான கருவாட்ட வச்சிருந்த?” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் அவர். “திருநீறும் கயிறும் பாத்ததுமே யாரோ நேந்துக்கிட்ட சாமான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல பொட்டிய வைக்க எனக்கு மனசு வரல. தெரு முனையில நிறுத்தி, பொட்டியக் காலடியில வச்சுக்கிட்டு, காலு ரெண்டையும் அந்தால இந்தால நீட்டிக்கிட்டு ஓட்டுனேன். மான்குர்த் வர்றதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. அந்த பேட்டரிய எறக்கி வச்ச பொறவுதான் பொட்டிய மறுபடியும் பின்னால கட்டுனேன்.”

அவர் வீட்டுக்காரி, அன்றைக்கு வந்து இரண்டு நாள் இடுப்புக்குத் தைலம் தேய்த்தது தான்தான் என்று சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். கிளம்பும்போது நெத்திலி என்ன விலை என்று கேட்டு, நியாயமாகப் பேரம் பேசி, அரைக் கிலோ வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது செம்பூர் வரை நெத்திலிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது முதுகில் தட்டினாள்.

“மூஞ்சி தெரியாத ஒருத்தன் நம்ம சாமானுக்காவ இடுப்ப ஒடிச்சிருக்காம்ட்டி,” என்றாள். “நாளைக்கு எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு. யாருக்கு உள்ளதா இருந்தாலும் சரி.”

மறுநாள் பெட்டியிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள், பிடியில் மட்டும் கொஞ்சம் திருநீறு வைத்தாள். அடுத்த நாள் அதைத் திரும்ப வைக்கும்போதும் துடைத்துத்தான் வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் பின்பற்றவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அவர்களை மாற்றியது நானும் இல்லை, சித்தியும் இல்லை. ஆதித்யன். அதுவும் அவனுக்குத் தெரியாமல். சித்தியின் பேட்டரி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தேன். அவன் அன்று முதல் தினமும் சாயங்காலம் அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு வரி அனுப்ப ஆரம்பித்தான். நான் அதை உரக்கப் படித்தேன். ஒரு நாள் செம்பூர், ஒரு நாள் காட்கோபர். அப்புறம் முலுண்ட். சித்தி வடைத் தூக்கை வைத்துக்கொண்டே நின்று கேட்பாள். முலுண்டில் மழையாமே, நனையாமல் இருக்க வேண்டும் என்பாள். அதற்கப்புறம் அது தாணே வரை போனது. ஐந்தாம் நாள், கல்யாணுக்கும் அப்பால் இருக்கிற உல்லாஸ்நகர் என்று வந்தபோது, கடை முன்னால் நின்ற எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

பிச்சை அண்ணாச்சியால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் பம்பாய்க்கு வந்து முப்பத்தோரு வருடம், கல்யாணைத் தாண்டியதில்லை. இவள் பேட்டரி உல்லாஸ்நகர் வரை போய்விட்டது, தன்னுடையது நாலு சந்துக்குள்ளேயே கிடக்கிறதே என்றார். மறுநாள் காலையில் என்னை ரகசியமாகக் கூப்பிட்டுத் தன் பேட்டரியின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, திறந்த கதவிலிருந்து வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிட்டார். குர்லா என்று படித்தேன். முதல் நாளுக்குப் பரவாயில்லை என்றார்.

அதற்குப் பிறகு என்னால் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாளில் ஆறு பேர் சீட்டு கொடுத்தார்கள். நாலாவது நாள் பதினொரு பேரும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கடை முன்னால் கூட்டம் கூடும், நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று யார் பேட்டரி எந்த ஊர் என்று வாசிப்பேன். ஒருத்தருடையது நாலு நாளாகச் செம்பூரிலேயே நின்றதற்கு அவர் என்னைச் சந்தேகப்பட்டார். வேறொருவர், தன் பேட்டரி தாணேயில் ராசியான ஆள் கையில் மாட்டியிருக்க வேண்டும், அன்றைக்கு இட்லி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றார். காலிக் கதவுகளும் இப்போது காலியாக இருந்ததால் வெளியாட்களும் வர ஆரம்பித்தார்கள். பார்சல் கொண்டுபோகிறவர்கள், மருந்துக் கடைப் பையன்கள், வாரத்துக்கு இரண்டு தடவை ஷாகுல் ஹமீது.

சித்தியைப் பார்த்து எல்லோரும் திருநீறு வைக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் ஆதித்யன் பதறிப்போய்ப் போன் செய்தான்.

“மேடம், உல்லாஸ்நகர் டெக்னீஷியன் கம்ப்ளெயின்ட் பண்றார். உங்க லைன்லேர்ந்து வர பேட்டரி எல்லாத்துலயும் வெள்ளையா பவுடர் இருக்காம், லீக்கேஜான்னு கேக்கறார். நான் என்னன்னு எழுதட்டும்?”

திருநீறு என்று எழுது என்றேன். அந்த ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றான். கடைசியில் மின்சார இணைப்பு முனை இருக்கிற பக்கம் படக் கூடாது, பிடியில் மட்டும் வைக்கலாம் என்று ஒப்பந்தம் ஆனது. அதை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் படமும் போட்டேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு நாள், மதியத்துக்குள் பதினான்கு ஆகிவிட்டது. பெட்டியின் மேல் ஒரு சின்னத் திரை உண்டு, அன்றைய எண்ணிக்கையைக் காட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்தொன்பது. பிச்சை அண்ணாச்சி தன் பேட்டரியை இரண்டாம் தடவை மாற்றலாமா என்று பார்த்தார், முழுச் சார்ஜில் இருந்ததைப் பெட்டி வாங்க மாட்டேன் என்றது. எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சித்தி வடைத் தூக்கோடு வந்தாள். எதற்கு வேலைவெட்டி இல்லாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே சீட்டைத் தூக்கினாள், பேட்டரியை எடுத்தாள், துடைத்தாள், கதவுக்குள் வைத்தாள். வேறு கதவு திறந்தது. அதிலிருந்த பேட்டரியை எடுத்து வண்டியில் மாட்டினாள். திரையில் இருபது என்று வந்தது. பிச்சை அண்ணாச்சி கையைத் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். யாரோ ஜிலேபி வாங்க ஓடினார்கள். ஆதித்யனுக்குப் போன் போட்டேன், பெட்டி எங்கேயும் போகாது, நாளைக்கே எழுதித் தருகிறேன் என்று அவன் அந்தப் பக்கம் சத்தம் போட்டான். சித்திக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வண்டியின் சீட்டை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தாள்.

எல்லோரும் ஜிலேபிக்கு நகர்ந்த பிறகு அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்தி, அன்னைக்கு நான் மறக்கல. வேணும்னுதான் பட்டன அமுக்காம இருந்தேன்.”

“தெரியும்,” என்றாள், தூக்கைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே. “எட்டு வருசத்துக்கு முன்ன ஒம் மவ காதுகுத்துக்கு நான் வரலங்கத இன்னைக்கும் சொல்லிக் காட்டுத. நீ ஒரு பட்டன மறப்பியாக்கும்?”

“தெரிஞ்சுமா என்னைய ஒண்ணும் கேக்கல?”

“கேக்காம என்ன? மூணு நாளு கூடையத் தூக்கிக்கிட்டு ஒங் கடை முன்னாடிதான போனேன். மாட்டுங்காவுக்கு எனக்கு அது வழியே கெடையாது. நீ பாக்கணும்னுதாம்ட்டி சுத்திப் போனேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நைன்ட்டி ஃபீட் ரோட்டில், பச்சை டீ-ஷர்ட்டில், எல்லோரும் பார்க்க நின்று அழுதேன்.

“வலிச்சுதா?” என்றாள்.

“வலிச்சுது சித்தி.”

“எனக்கும் முட்டி உசுரு போச்சு. சரியாப்போச்சு, விடு,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். “தள்ளி நில்லு, வடை ஆறுது.”